சாவியைப் பிரித்துப் போட்டால்: டிஸ்க் டிடெய்னர் பூட்டும் வீட்டில் செய்யும் கருவியும்

பூட்டுகளில் பல குடும்பங்கள் உண்டு. திண்டுக்கல் பூட்டு லீவர் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு பக்கம் மேடும் பள்ளமுமாகப் பல் வெட்டிய சாவி போடும் பித்தளைப் பூட்டுகளில் பெரும்பாலானவை பின் டம்ளர் குடும்பம். மூன்றாவதாக ஒரு குடும்பம் இருக்கிறது. அதன் சாவி அரைவட்டக் கம்பிபோல் இருக்கும். அதில் பல் இருக்காது, ஓரத்தில் சாய்வு சாய்வாகச் சீவிய வெட்டுகள் மட்டுமே இருக்கும். அதுதான் டிஸ்க் டிடெய்னர். இந்தக் கட்டுரையில் வட்டுப் பூட்டு என்று சொல்கிறேன்.

சாவி இல்லாமல், உடைக்காமல், உள்ளே நடப்பதைக் கையால் உணர்ந்து பூட்டைத் திறப்பதைப் பல நாடுகளில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1997-இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். நெதர்லாந்தில் உருவான டூல் என்ற அமைப்புக்கு இன்று வேறு நாடுகளிலும் கிளைகள் உண்டு. இந்த வட்டாரங்களில் எல்லோரும் கறாராகப் பிடிக்கும் விதிகள் இரண்டு. உங்களுக்குச் சொந்தமான பூட்டை, அல்லது உரியவர் தெளிவாக அனுமதி கொடுத்த பூட்டை மட்டுமே தொட வேண்டும். சொந்தப் பூட்டாகவே இருந்தாலும், கதவிலோ வண்டியிலோ பயன்பாட்டில் இருப்பதைத் தொடக்கூடாது. முதல் விதியின் காரணம் சொல்லாமலே புரியும். இரண்டாவதற்குக் காரணம், பழகும்போது பூட்டு பாதியில் சிக்கிக்கொள்வது சாதாரணம். வாசல் கதவில் அது நடந்தால் வீட்டுக்குள் போக வழியில்லை.

வட்டுப் பூட்டை இந்தப் பொழுதுபோக்கின் கடினமான பக்கம் என்று பலரும் தள்ளி வைக்கிறார்கள். என் கருத்து வேறு. உள்ளே என்ன நடக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிற பூட்டு வேறு இல்லை. அதற்கான கருவியைக் கடையில் வாங்காமல் நீங்களே செய்தால் அந்தக் கணக்கு தானாகவே மனதில் பதிந்துவிடும்.

உள்ளே என்ன இருக்கிறது

பெட்டிகளில் வரும் நம்பர் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் ஓரிடத்தில் ஒரு வெட்டு. மூன்று வெட்டுகளும் ஒரே நேர்கோட்டுக்கு வந்தால் பெட்டி திறக்கும். வட்டுப் பூட்டிலும் அடிப்படை இதுவேதான். சக்கரங்கள் மட்டும் பூட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன, விரலுக்குப் பதில் சாவி அவற்றைச் சுழற்றுகிறது.

பாகங்களைப் பார்ப்போம். வெளியே இருப்பது கூடு. கூட்டுக்குள் ஓர் உருளை. உருளைக்குள் மெல்லிய உலோக வட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு வட்டின் நடுவிலும் சாவி நுழைய ஓட்டை, விளிம்பில் ஓரிடத்தில் காடி, அதாவது பள்ளமான ஒரு வெட்டு. இரண்டு வட்டுகளுக்கு நடுவே ஒரு வாஷர். இந்த வாஷர் சுழலாது. அதனால்தான் ஒரு வட்டு சுழலும்போது பக்கத்து வட்டை இழுத்துக்கொண்டு போவதில்லை. வட்டுகளின் விளிம்பை ஒட்டி, உருளையின் நீளத்துக்கு ஒரு சிறு கம்பி கிடக்கும். அதற்கு சைடுபார் என்று பெயர். அதன் பாதி உருளையிலும் மீதி கூட்டிலும் இருப்பதால் உருளை சுழல முடியாது. எல்லாக் காடிகளும் சைடுபாருக்கு நேராக வந்தால் அது உள்ளே இறங்கும். கூட்டை விட்டு விலகும். உருளை சுழலும், பூட்டு திறக்கும்.

இனி சாவி. மூன்றே வட்டுகள் உள்ள பூட்டு என்று வைத்துக்கொள்வோம். சாவியின் மொத்தச் சுழற்சி 90 பாகை. முதல் வட்டுக்கு எதிரே சாவியில் வெட்டே இல்லை. இரண்டாவதுக்கு எதிரே 36 பாகை வெட்டு, மூன்றாவதுக்கு எதிரே 72 பாகை வெட்டு. சாவியைத் திருப்பத் தொடங்கியதுமே முதல் வட்டு கூடவே சுழலும். இரண்டாவது வட்டை சாவி உடனே தொடாது. 36 பாகை வெறுமனே போய், பிறகு தொட்டு, மீதி 54 பாகை தள்ளும். மூன்றாவது வட்டு கடைசி 18 பாகை மட்டும் நகரும். ஆக மூன்று வட்டுகளும் முறையே 90, 54, 18 பாகை சுழன்று நிற்கின்றன. தயாரிக்கும்போதே அந்தந்த வட்டில் காடியை அந்தத் தூரத்தில் வெட்டி வைத்திருப்பார்கள். சாவி தன் 90 பாகையையும் முடிக்கும் கணத்தில் மூன்று காடிகளும் சைடுபாருக்கு நேரே வந்து நிற்கும்.

வெட்டு ஆழமாக ஆழமாக வட்டின் நகர்வு குறையும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் ஒரு சாவியை எட்ட நின்று பார்த்தே எந்த வட்டு எவ்வளவு சுழலும் என்று சொல்லிவிடலாம். உங்கள் சாவிக்கொத்தை யார் கண்ணிலும் படும்படி போட்டு வைக்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதுவே காரணம்.

வெட்டே இல்லாத அந்த முதல் வட்டை நினைவில் வையுங்கள். அது தன் முழு 90 பாகையை முடித்ததும் உருளையோடு முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் அதைத் திருப்பினால் அந்த விசை உருளைக்குப் போகும். இதை முறுக்கு வட்டு என்று அழைக்கிறேன். பின்னால் கருவி செய்யும்போது எல்லாம் இதைச் சுற்றித்தான் நடக்கும்.

பின்லாந்தின் குளிரில் பிறந்தது

இந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் எமில் ஹென்ரிக்சன் என்ற பின்லாந்து மெக்கானிக். ஆண்டு 1907. கடைகளில் பணம் பதியும் கல்லா இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். அவற்றுக்குள் சுழலும் வட்டுகளைப் பார்த்ததில்தான் பூட்டுக்கான யோசனை பிறந்தது. அதிலிருந்து வளர்ந்த நிறுவனம் ஆப்லாய். அதன் தொழிற்சாலை பின்லாந்தின் கிழக்கே யோயென்சூ நகரில் இருக்கிறது. ஸ்வீடனின் ஆஸாவோடு 1994-இல் இணைந்து ஆஸா ஆப்லாய் என்ற பெரிய குழுமம் உருவானது.

வட்டுகளுக்குப் பின்னால் ஸ்பிரிங் கிடையாது. பின் டம்ளரில், பின் எனப்படும் ஒவ்வொரு சிறு உலோக ஊசியையும் ஒரு நுண்ணிய ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பனி உறைந்தாலோ மணல் புகுந்தாலோ அந்த ஸ்பிரிங்தான் முதலில் மக்கர் செய்யும். வட்டுப் பூட்டில் எல்லா வேலையையும் சாவியே நேரடியாகச் செய்கிறது. முன்னே திருப்பினால் வட்டுகளைத் தள்ளும், பின்னே திருப்பினால் சாவியின் மறுபக்கம் அவற்றைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவரும். பின்லாந்துக் குளிர்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. ரயில், துறைமுகம், மின்நிலையம் போன்ற வெட்டவெளி இடங்களில் இவ்வகைப் பூட்டுகள் இன்றும் விரும்பப்படுவதற்கு இந்த எளிமைதான் காரணம்.

ஸ்பிரிங் இல்லாததால் இன்னொரு நன்மை. பின் டம்ளர் பூட்டில், தனியாக வெட்டிய ஒரு சாவியைச் செருகித் தட்டினால் பின்கள் துள்ளும். அந்தக் கண நேரத்தில் பூட்டு திறந்துவிடக்கூடும். வட்டுப் பூட்டுக்குள் துள்ளுவதற்கு எதுவும் இல்லை. எவ்வளவு தட்டினாலும் வட்டு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சைக்கிள் பூட்டுகளில் இது பரவியதற்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. அமெரிக்காவில் கிரிப்டோனைட் நிறுவனம் விற்ற யூ வடிவப் பூட்டுகள் அப்போது குழாய் வடிவச் சாவியால் திறப்பவை. ஒரு சாதாரண பால்பாயின்ட் பேனாவின் கூட்டைச் செருகித் திருப்பியே அவற்றைத் திறக்க முடியும் என்று 2004 செப்டம்பரில் காணொளிகள் வெளியாகின. நிறுவனம் ஏராளமான பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அதன் பிறகு அவர்கள் தேர்ந்தெடுத்தது வட்டுப் பூட்டு.

எவ்வளவு சாவிகள் சாத்தியம்? ஆப்லாயின் பழைய கிளாசிக் வகையில் வெட்டுக் கோணங்கள் ஆறு: 0, 18, 36, 54, 72, 90. கோணம் மாறக்கூடிய வட்டுகள் ஒன்பது என்று கொண்டால், ஆறை ஒன்பது முறை பெருக்க வேண்டும். விடை 1,00,77,696. ஒரு கோடிக்கு மேல்! ஒவ்வொரு சேர்க்கையாக முயன்று பார்த்துத் திறப்பது நடக்காத காரியம்.

அப்படியானால் எப்படித் திறக்கிறார்கள்

எந்த இயந்திரமும் நூறு சதவீதம் துல்லியமாக வெட்டுவதில்லை. வட்டுகளின் விட்டம், உருளையின் காடி, சைடுபாரின் நேர்மை எல்லாவற்றிலும் மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு வித்தியாசம் இருந்தே தீரும். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

முறுக்கு வட்டை அதன் முழு 90 பாகைக்கும் கொண்டுபோய், அதற்கு மேலும் மெல்ல அழுத்தினால் உருளை சுழலப் பார்க்கும். சைடுபார் அதைத் தடுக்கும். கூட்டின் சரிவான ஓரம் சைடுபாரை உள்நோக்கித் தள்ளும். சைடுபார் வட்டுகளின் விளிம்பில் போய் அழுந்தும். ஆனால் எல்லா வட்டுகளிலும் ஒரே அளவில் அழுந்தாது. வித்தியாசங்கள் காரணமாக ஒரு வட்டுதான் முதலில் மாட்டும். மற்றவை தளர்வாகச் சுழலும், அது மட்டும் இறுகி நிற்கும்.

அந்த இறுகிய வட்டைக் கண்டுபிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டே போனால், ஏதோ ஓரிடத்தில் அதன் காடி சைடுபாருக்குக் கீழே வந்துவிடும். சைடுபார் இம்மியளவு இறங்கும். உருளையும் இம்மியளவு நகரும். சில சமயம் ஒரு மெல்லிய க்ளிக், சில சமயம் சத்தமே இல்லாமல் விரலில் ஒரு நழுவல். அப்போது வேறொரு வட்டு இறுகும். அதைத் தேட வேண்டும். இப்படி ஒவ்வொன்றாக. ஒரு கோடி சேர்க்கையில் ஒன்றைத் தேடும் வேலை, ஒன்பது சிறு வேலைகளாகச் சுருங்கிவிடுகிறது. பூட்டு திறக்கும் கலை முழுவதும் இந்தச் சுருக்கத்தில்தான் அடங்கியிருக்கிறது.

இது புதிய சங்கதியும் அல்ல. லண்டனில் பிராமா நிறுவனம் 1790 முதல் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலேயப் பண அளவு) பரிசு என்று எழுதி வைத்திருந்தது. 1851-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் அதைத் திறந்தார். பதினாறு நாட்களில் பரவிய 51 மணி நேர வேலை. அவரும் தன் கருவிகளைத் தானே செய்துகொண்டவர்தான்.

கருவி: சாவி செய்வதை இரண்டாகப் பிரித்தல்

சாவி இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது. ஒவ்வொரு வட்டையும் அதனதன் கோணத்துக்குக் கொண்டுபோகிறது, கூடவே உருளையையும் திருப்புகிறது. நமக்கு வேண்டிய கருவி இந்த இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும். ஒரு பாகம் முறுக்கு வட்டைப் பிடித்து அழுத்தம் கொடுக்கும். இன்னொரு பாகம் மற்ற வட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ச் சுழற்றும். நான் இதைப் பிரித்துப் போட்ட சாவி என்றே நினைக்கிறேன். அப்படி நினைத்தால் வடிவமைப்பில் வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

இன்று ஆயத்தக் கருவிகள் கிடைக்கின்றன. போஸ்னியன்பில், லாக்பிக்கிங் லாயர் என்ற பெயர்களில் அறியப்பட்ட இரண்டு அமெரிக்க யூடியூபர்கள் சேர்ந்து வடிவமைத்த கருவி இந்த வட்டாரத்தில் மிகப் பிரபலம். ஆனால் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது ஒரு மலிவான வட்டுப் பூட்டும் ஓர் அரமும்தான். ஏனென்றால் கருவி செய்ய வேண்டுமானால் பூட்டை அளந்தாக வேண்டும். அளக்க வேண்டுமானால் பிரித்தாக வேண்டும். பிரித்தவருக்குப் பூட்டு புரியாமல் போக வாய்ப்பே இல்லை.

பூட்டைச் சாவியால் திறந்து வைத்துக்கொண்டு பிரிக்கத் தொடங்குங்கள். சில பூட்டுகளில் வளைவுக் கம்பி நுழையும் துளைக்குள் ஒரு திருகு இருக்கும். அதைக் கழற்றினால் உருளை வெளியே வரும். சிலவற்றில் எதுவும் கழலாது. அவை பழகுவதற்கு ஏற்றவை அல்ல, வேறு பூட்டு பாருங்கள். வட்டுகளை வெளியே எடுக்கும்போது ஒரு கம்பியில் அதே வரிசையில், அதே பக்கம் பார்த்தபடி கோத்துக்கொண்டே வாருங்கள். ஒரு வட்டைத் திருப்பிப் போட்டாலும் காடி வேறு இடத்துக்குப் போய்விடும், பிறகு சொந்தச் சாவியே திறக்காது.

அளக்க வேண்டியவை நான்கு. சாவித்துளையின் விட்டம், ஒரு வட்டின் கனம், ஒரு வாஷரின் கனம், முறுக்கு வட்டு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது. கடைசியாகச் சொன்னதுதான் கருவியின் வடிவத்தையே தீர்மானிக்கிறது. வெர்னியர் காலிப்பர் ஒன்று கையில் இருந்தால் நல்லது.

முறுக்கு வட்டு முன்னால் இருக்கும் பூட்டு எளிது, அதிலேயே தொடங்குங்கள். வெளிப்பாகம் ஒரு பித்தளைக் குழாய். அதன் முனையை முறுக்கு வட்டின் ஓட்டைக்குள் பொருந்தும்படி அரைவட்டமாக அரத்தால் சீவ வேண்டும். சீவிய உதட்டின் நீளம் ஒரு வட்டின் கனத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இரண்டாவது வட்டையும் பிடித்துக்கொள்ளும். குழாயின் மறுமுனையில் ஒரு நெம்புகம்பி குறுக்கே நிற்க வேண்டும், அழுத்தம் கொடுப்பதற்கு. இந்தக் குழாய்க்குள் தாராளமாகச் சுழலும் ஓர் எஃகுக் கம்பிதான் உள்பாகம். அதன் முனையில் சிறு கொடிபோல் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு. இந்த நாக்குதான் வட்டுகளைத் தொட்டுச் சுழற்றப் போகிறது. நாக்கு குழாயின் உள்துளையைவிட அகலமாக இருக்கும் என்பதால் கம்பியை முன்பக்கமாக நுழைத்துவிட்டு, கைப்பிடியைக் கடைசியில்தான் மாட்ட முடியும்.

நாக்கின் கனம் ஒரு வட்டின் கனத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு வட்டுகளில் மாட்டும், எது நகர்கிறது என்றே தெரியாது. அகலமும் குறைவாக இருக்க வேண்டும். வட்டுகள் ஆளுக்கொரு கோணத்தில் சுழன்று நிற்கும்போது நடுவில் எஞ்சும் பொது வழி மிகவும் ஒடுங்கிவிடும். நாக்கு அதன் வழியாகப் போய்வர வேண்டும், போகிற வழியில் ஏற்கனவே சரியாக நிற்கிற வட்டை இடித்துவிடவும் கூடாது.

உள்கம்பிக்கு என்ன உலோகம்? கையில் கிடைப்பது பெரும்பாலும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. விட்டம் 2 மி.மீ. வளைக்க எளிது, ஆனால் முறுக்கினால் கம்பியே முறுக்கிக்கொள்ளும். வட்டு நகர்கிறதா கம்பி முறுக்குகிறதா என்று விரலால் பிரித்தறிய முடியாது. முறுக்கை எதிர்க்கும் கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 2 மி.மீ. கம்பிக்குப் பதில் 3 மி.மீ. கம்பி போட்டால் ஐந்து மடங்கு விறைப்பு கிடைக்கும். சாவித்துளை இடம் கொடுக்கும் வரை தடித்த கம்பியே நல்லது. நல்ல ஆலன் கீ ஒன்றை வெட்டியும் செய்யலாம். அது ஏற்கனவே கடினமாக்கிய எஃகு. ஆனால் சூடாக்கி வளைத்தால் அந்தக் கடினம் போய்விடும். செக்கச் செவேலென்று காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பிறகு மேற்பரப்பு வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை மிதமாகச் சூடாக்கி எடுத்தால் மறுபடி உறுதிப்படும். இதையெல்லாம் செய்ய விருப்பமில்லாவிட்டால் சூடாக்காமல் அரைத்தே வடிவம் கொடுங்கள், அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக் குளிர வைத்தபடி.

நாக்கைத் தனியாகச் செய்து பற்றவைப்பவர்கள் ஈயப் பற்றை நம்பக்கூடாது, முறுக்கும்போது விட்டுவிடும். வெள்ளிப் பற்று வைத்தால் நிற்கும். அல்லது தடித்த கம்பியின் முனையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தை அரைத்து மெலிதாக்கி, நாக்கையும் கம்பியையும் ஒரே துண்டாகச் செய்யலாம். லேத் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் அரத்தோடு ஒரு மாலைப் பொழுது.

அரம் போட்ட பிறகு பிசிறு தட்ட மறக்காதீர்கள். முனையில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் போதும், வாஷரில் உரசி நரநரவென்று அது கொடுக்கும் உணர்வு காடியின் உணர்வை முழுக்க மறைத்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அரைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

இன்னும் இரண்டு சிறு சேர்க்கைகள் கருவியின் மதிப்பைப் பல மடங்கு கூட்டும். ஒன்று, ஆழக் குறி. ஒரு வட்டும் ஒரு வாஷரும் சேர்ந்து 2 மி.மீ. என்றால், உள்கம்பியில் 2 மி.மீ. இடைவெளியில் கோடுகள் போடுங்கள். எந்த வட்டில் இருக்கிறோம் என்பதைக் கோடு சொல்லிவிடும். இரண்டாவது, கோண அளவு. குழாயின் பின்முனையில் ஒரு பாகைமானி வட்டத்தை ஒட்டி, உள்கம்பியின் கைப்பிடியில் ஒரு முள் வைத்தால், ஒவ்வொரு வட்டும் எத்தனை பாகையில் நிற்கிறது என்று படிக்கலாம். இதை 3டி பிரிண்டரில் அழகாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் ஒட்டினாலும் வேலை நடக்கும்.

முறுக்கு வட்டு பின்னால் இருக்கும் பூட்டுக்கு இதே கருவியைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். கடைசி வரை போய் அழுத்தம் கொடுப்பது உள்கம்பி. வட்டுகளைச் சுழற்றும் நாக்கு வெளிக்குழாயில். குழாயின் சுவர் மெலிதாக இருக்க வேண்டும் என்பதால் இது கடினம். முதல் கருவி கைகூடிய பிறகு வாருங்கள்.

கை பழகுதல்

கருவி தயார். பூட்டை முழுதாக மாட்டிவிட்டு மல்லுக்கட்டாதீர்கள். முறுக்கு வட்டோடு இன்னும் இரண்டே வட்டுகளை மட்டும் போட்டு, மற்ற இடங்களை வாஷர்களாலும் காடி எங்கே என்று தெரிந்து சரியாக நிறுத்திய வட்டுகளாலும் நிரப்புங்கள். இரண்டு வட்டுகளில் எது இறுகுகிறது, எது தளர்வாகச் சுழல்கிறது என்ற வேறுபாட்டைக் கை உணர வேண்டும். அது வந்த பிறகு ஒரு வட்டு சேருங்கள். பின்னர் இன்னொன்று.

அழுத்தம்தான் எல்லோரும் தடுமாறும் இடம். அதிகமாக அழுத்தினால் எல்லா வட்டுகளும் இறுகிவிடும், வரிசையே தெரியாது. குறைவாக அழுத்தினால் சைடுபார் எதையும் பிடிக்காது. நெம்புகம்பியின் மேல் ஒரு விரலின் எடையை வைப்பதில் தொடங்குங்கள்.

பின் டம்ளர் பழகியவர்களுக்கு இங்கே ஓர் ஆறுதல் உண்டு. அங்கே அழுத்தம் தளர்ந்தால் ஸ்பிரிங் எல்லாப் பின்களையும் கீழே தள்ளிவிடும், மறுபடி முதலிலிருந்து. இங்கே ஸ்பிரிங் இல்லை. அழுத்தத்தை விட்டாலும் வட்டுகள் வைத்த இடத்திலேயே பெரும்பாலும் நிற்கும். கையை எடுத்துவிட்டு, ஒரு தாளில் ஒவ்வொரு வட்டின் கோணத்தையும் எழுதி, யோசித்துவிட்டுத் திரும்பலாம். நிதானமானவர்களுக்கான பூட்டு இது.

பூட்டுக்காரர்கள் வைத்திருக்கும் பொறி ஒன்று உண்டு: பொய்க்காடி. உண்மைக் காடியைத் தவிர, ஆழமில்லாத சில காடிகளையும் வட்டின் விளிம்பில் வெட்டிவிடுவார்கள். சைடுபார் அதில் கொஞ்சம் இறங்கும், க்ளிக் கூட வரும், சரியான இடம் வந்துவிட்டது என்று நம்ப வைக்கும். வேறுபாட்டை ஆட்டத்தில் கண்டுபிடிக்கலாம். உண்மைக் காடியில் நிற்கும் வட்டை இலேசாக இருபுறமும் அசைத்தால், சிறிது தூரம் லேசாக நகர்ந்து இரண்டு பக்கமும் தெளிவாக முட்டும். சைடுபார் காடியின் அடியைத் தொடாததுதான் காரணம். பொய்க்காடியில் சைடுபார் அடியில் அழுந்தி நிற்பதால் வட்டு பிசுபிசுவென்று இழுக்கும். எல்லா வட்டுகளும் ஏதோ ஒரு காடியில் விழுந்தும் பூட்டு திறக்காவிட்டால், எவற்றில் இந்த இழுப்பு இருக்கிறது என்று ஒரு சுற்றுப் பாருங்கள். அவற்றை மட்டும் அடுத்த காடிக்கு நகர்த்துங்கள்.

மலிவான பூட்டில் கிடைத்த வெற்றியை வைத்து எல்லா வட்டுப் பூட்டையும் எடைபோட்டுவிடக்கூடாது. ஆப்லாய் 2001-இல் கொண்டுவந்த புரோடெக் வகையில், சைடுபார் வட்டுகளில் அழுந்தும் நேரத்தில் வட்டுகள் சுழலவே முடியாதபடி தனியாக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நாம் மேலே பார்த்த முறை முழுவதும் அழுத்தத்தில் வைத்துக்கொண்டு வட்டைச் சுழற்றிப் பார்ப்பதை நம்பியிருக்கிறது. அந்த அடிப்படையையே அவர்கள் பிடுங்கிவிட்டார்கள். எதிராளியின் யோசனையை முழுதாகப் புரிந்துகொண்டு செய்த வடிவமைப்பு அது. பூட்டு திறக்கப் பழகியவர்களுக்குத்தான் அதன் அருமை முழுதாகத் தெரியும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானில் 2003-இல் வந்த சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் பூட்டு திறக்கும் சிறப்புக் கருவிகளை வைத்திருப்பதே குற்றம். இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், திருடும் நோக்கத்தோடு வீட்டுக்கு வெளியே கருவிகளை வைத்திருப்பதைத் தண்டிக்கிறது. எங்கே இருந்தாலும் கருவிகளை வீட்டு மேசையிலேயே வைத்திருங்கள். இரவில் சாலையில் பையைச் சோதிக்கும் போலீஸ்காரரிடம் இது பொழுதுபோக்கு என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

பூட்டு ஒருமுறை திறந்துவிட்டால் உடனே மூடிவிடாதீர்கள். வட்டுகள் எல்லாம் அப்போது சரியான கோணத்தில் நிற்கின்றன. பாகைமானியை வைத்து ஒவ்வொன்றையும் படித்துத் தாளில் எழுதுங்கள். 90-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் சாவியில் இருக்க வேண்டிய வெட்டின் கோணம் கிடைக்கும். சாவித்துளைக்குப் பொருந்தும் பித்தளைக் கம்பி ஒன்றை அரைவட்டமாகச் சீவி, அந்தக் கோணங்களில் அரத்தால் வெட்டுப் போடுங்கள். கணக்கிட்டதைவிட ஒரு நூலிழை குறைவாகவே முதலில் வெட்டுங்கள். போட்டுப் பார்த்து, மாட்டும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சீவிக்கொண்டு வந்தால், பூட்டோடு வந்த சாவியைத் தொடாமலே நீங்கள் செய்த சாவியில் அது சுழலும்.